கியர் மாற்றும் வேலை யாருடையது?

போர்ஷே நிறுவனம் 2013 மார்ச்சில் ஜெனிவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய 911 ஜிடி3 காரில், 1999 முதல் அந்தப் பெயரில் வந்த எல்லாக் கார்களிலும் இருந்த கிளட்ச் பெடல் நீக்கப்பட்டிருந்தது. கியர் மாற்றும் வேலை ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னால் இருபுறமும் பொருத்தப்பட்ட, விரலால் இழுக்கக்கூடிய பேடில்களுக்கும், அவற்றின் கட்டளையைக் கேட்டு இயங்கும் கணினிக்கும் மாறியிருந்தது. வேகமே குறிக்கோள் என்றால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அந்தக் காரை வாங்கக்கூடியவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, மேனுவல் கியர்பெட்டி மட்டுமே கொண்ட 911 ஆர் என்னும் காரைப் போர்ஷே 991 எண்ணிக்கையில் உருவாக்கியது. அவை விற்றுத் தீர்ந்ததோடு, கைமாறும்போது முதல் விலையைவிடப் பல மடங்கு பெற்றன. 2017-இல் ஜிடி3 காரிலும் மேனுவல் கியர்பெட்டி திரும்பி வந்தது. மேனுவல் பொருத்திய கார் சற்று மெதுவானது என்பதை வாங்கியவர்களும் அறிவார்கள், விற்றவர்களும் அறிவார்கள். வேகத்துக்காகவே விலை கொடுத்து வாங்கப்படும் ஒரு பொருளில் மெதுவான பாகத்தை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுப்பது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, கியர்பெட்டிக்குள் உண்மையில் நடப்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு குறைபாடு உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் விசை தர முடியாது; நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே போனால் அது அணைந்துவிடும்; அதன் முழு ஆற்றலும் உயர்ந்த சுழல்வேகத்தின் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் கிடைக்கும். ஜிடி3 காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலக்கூடியது. அதன் சிறப்பெல்லாம் அந்த எல்லையின் மேற்பகுதியில்தான் வெளிப்படுகிறது. சக்கரமோ பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரை எந்த வேகத்திலும் சுழல வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் பொருத்துவதற்காகவே பல் எண்ணிக்கை வேறுபடும் பற்சக்கர இணைகள் நடுவில் வைக்கப்படுகின்றன. முதல் கியரில் எஞ்சின் பல சுற்று சுழன்றால்தான் சக்கரம் ஒரு சுற்று சுழலும். அதற்கு ஈடாக, சக்கரத்தைத் திருப்பும் விசையாகிய முறுக்குவிசை அதே அளவில் பெருகும். கியர் ஏற ஏற முறுக்குவிசை குறைந்து வேகம் கூடும்.

பற்சக்கரங்களை அடுக்கி வைப்பது எளிது. ஓர் இணையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுவதுதான் கடினம். 1890-களில் பிரான்சில் எமீல் லெவசார் கார்களுக்கென அமைத்த முறையில், பற்சக்கரங்கள் தண்டின் மீது நகர்ந்து ஒன்றோடொன்று நேரடியாகக் கோத்துக்கொண்டன; அரைபடும் ஓசையோடுதான் அது நடந்தது. பிற்காலக் கியர்பெட்டிகளில் எல்லா இணைகளும் எப்போதும் கோத்தபடியே இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மீது கட்டுப்பாடின்றிச் சுழலும்படி விடப்படுகிறது. ஓட்டுநர் லீவரைத் தள்ளும்போது தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையம் நகர்ந்து, அச்சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு பிடிப்புப் பற்களைப் பற்றிக்கொள்ள, அந்த இணை வழியாக விசை பாய்கிறது.

அப்படிப் பற்ற வேண்டுமானால் வளையமும் சக்கரமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதற்கும் அடிப்படை. மூன்றாம் கியரில் 1.5 என்றும் நான்காம் கியரில் 1.2 என்றும் விகிதங்கள் அமைந்த ஒரு காரை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 8,000 சுற்றில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும் அந்தக் கணத்தில் எஞ்சினின் சுழல்வேகம் 6,400 சுற்றுக்கு இறங்க வேண்டும்; காரின் வேகம் அதற்குள் மாறிவிடாது. எஞ்சினின் பக்கம் ஒரு வேகமும் சக்கரத்தின் பக்கம் இன்னொரு வேகமுமாக நிற்கும் இடைவெளியை யாரேனும், ஏதேனும் ஒரு வழியில் மூட வேண்டும். கியர்பெட்டியின் நூற்றாண்டு வரலாறு என்பது பெரும்பாலும் இந்த வேலையை மனிதனின் கை, கால், காதுகளிலிருந்து எடுத்து எந்திரத்திடம் சிறிது சிறிதாக ஒப்படைத்த வரலாறுதான்.

முதல் பெரும் ஒப்படைப்பு 1928-இல் நடந்தது. எர்ல் தாம்ப்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பை அவ்வாண்டு காடிலாக் தன் கார்களில் பொருத்தியது. பிடிப்புப் பற்கள் சந்திப்பதற்கு முன்பே கூம்பு வடிவ உராய்வுப் பரப்புகள் இரண்டு ஒன்றையொன்று தொட்டு, வேறுபட்ட வேகங்களை இழுத்துச் சமமாக்கிவிடும் என்பதே அதன் உத்தி. அதற்கு முன்னால் இதை ஓட்டுநரே செய்தார்: கிளட்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, எஞ்சின் வேகத்தைத் திருத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட்டார். பழைய லாரிகளை ஓட்டியவர்களுக்கு இந்த இரட்டை மிதிப்பு நன்றாகத் தெரியும்.

சிங்க்ரோமெஷ் வந்த பிறகும் ஒரு பாதி வேலை ஓட்டுநரிடமே மிஞ்சியது. அது பெட்டிக்குள்ளிருக்கும் தண்டுகளின் வேகத்தைத்தான் சமமாக்கும். கிளட்சுக்கு மறுபுறமுள்ள எஞ்சினின் வேகத்தை அது தொடுவதில்லை. மேல் கியருக்குப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டாலே எஞ்சின் வேகம் தானாக இறங்குவதால் தொல்லை குறைவு. வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டே கீழ்க் கியருக்கு வரும்போது எஞ்சின் வேகம் ஏற வேண்டும். ஏற்றாமல் கிளட்சை விட்டால், மந்தமாகச் சுழலும் எஞ்சின் பின் சக்கரங்களைத் திடீரெனப் பிடித்து இழுக்க, பிரேக்கின் கீழ் ஏற்கெனவே தம் பிடிப்பின் எல்லையில் இருக்கும் டயர்கள் நழுவி, காரின் பின்பகுதி வெளியே வீசப்படும். ஆகவே பந்தய ஓட்டுநர்கள் வலது காலின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே காலின் பக்கத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் தட்டி எஞ்சினை உயர்த்தும் வித்தையைப் பழகினார்கள். பிரேக்கின் மீதான அழுத்தம் சற்றும் மாறாமல் இதைச் செய்வதில்தான் திறமை இருக்கிறது. இதைச் சரியாகக் கற்றுக்கொள்ளப் பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன, சிலர் கற்றுக்கொள்வதே இல்லை.

எத்தனை திறமையுள்ளவர் மாற்றினாலும், கிளட்ச் விலகியிருக்கும் நேரத்தில் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போவதில்லை. மணிக்கு 200 கிலோமீட்டரில் செல்லும் கார் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. கியர் மாற்றத்துக்கு 0.3 நொடி ஆகிறதென்றால், அந்த இடைவெளியில் கார் 16 மீட்டருக்கு மேல் உந்துதலின்றி உருள்கிறது. அதுவரை ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் கூட்டிக்கொண்டிருந்த கார், அந்நேரத்தில் பெற்றிருக்க வேண்டிய மணிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகத்தை இழந்துவிடும். காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். ஒரு பந்தயச் சுற்றில் இது பல முறை நிகழும்.

ஆனால் பேடில் முறை ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் வந்ததற்கு இந்தக் கணக்கு மட்டுமே காரணமன்று. ஃபெராரி அணிக்காக 640 என்னும் காரை வடிவமைத்த ஜான் பார்னார்ட், ஓட்டுநர் அமரும் இடத்தைக் காற்றோட்டத்துக்கு ஏற்பக் குறுக்க விரும்பினார். கியர் லீவருக்கும் அங்கிருந்து பின்னே செல்லும் இணைப்புக் கம்பிகளுக்கும் இடம் விட வேண்டியிருந்தது அதற்குத் தடையாக இருந்தது. லீவரை நீக்கி, மின்கட்டளையால் இயங்கும் எண்ணெய் அழுத்த வால்வுகளைக் கொண்டு கியரை மாற்றினால் அந்தத் தடை விலகும். சோதனை ஓட்டங்களில் ஓயாமல் பழுதான அந்தக் கார், 1989 மார்ச் 26 அன்று ரியோ டி ஜெனிரோவின் ஜக்கரப்பகுவா களத்தில் நடந்த பிரேசில் கிராண்ட் பிரீயில், தன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செலை வெற்றிபெறச் செய்தது. பாதியிலேயே நின்றுவிடும் என்று நம்பி, சீக்கிரமே வீடு திரும்பும் விமானத்தில் இடம் பிடித்து வைத்திருந்ததாக மான்செலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகளுக்குள் மற்ற அணிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன.

1997-இல் ஃபெராரி இதை எஃப்355 எஃப்1 என்னும் சாலைக் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது வழக்கமான மேனுவல் கியர்பெட்டியே. கிளட்சை அழுத்துவதையும் வளையத்தை நகர்த்துவதையும் மட்டும் மின்னணுவும் எண்ணெய் அழுத்தமும் செய்தன. ஒரே கிளட்ச் என்பதால் விசை அறுபடுவது அறுபட்டுக்கொண்டுதான் இருந்தது, அறுபடும் நேரம்தான் குறைந்தது. போக்குவரத்து நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது கார் தலையாட்டும். லம்போர்கினி 2011-இல் அவென்டடார் காரில் இந்த ஒற்றைக் கிளட்ச் முறையை 50 மில்லி நொடி வரை விரட்டிச் சென்றது. ஓட்டுநரின் முதுகில் உதைப்பது போன்ற குலுக்கல் அதற்கு ஈடாக வந்தது. இந்தத் தொழில்நுட்பத்தில் ஃபெராரியோடு சேர்ந்து உழைத்த மேக்னெட்டி மரெல்லி நிறுவனத்தின் எளிய வடிவம்தான் 2014-இல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்ற பெயரில் இந்தியச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது என்பது, பந்தயக் களத்தின் பொருள்கள் எவ்வளவு தூரம் இறங்கி வரும் என்பதற்கு நல்ல சான்று.

அறுபடுவதையே ஒழித்தது இரட்டைக் கிளட்ச் முறை. அதன் கருத்து பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-இலேயே அதை முன்வைத்தார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டிலும், இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு தண்டிலும் வைக்கப்படுகின்றன. ஒரு தண்டு குழாய் போல் உள்ளீடற்றது, மற்றது அதற்குள்ளே சுழல்வது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளட்ச். கார் மூன்றாம் கியரில் விரைந்துகொண்டிருக்கும்போதே, விசை ஏதும் பாயாத மற்றத் தண்டில் நான்காம் கியரைக் கணினி கோத்து வைத்துவிடுகிறது. பேடிலை இழுத்ததும் ஒரு கிளட்ச் பிடியை விட விட மற்றொன்று பிடிக்கிறது. விசை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறதே அன்றி, நடுவில் கீழே விழுவதில்லை. வேகங்களைச் சமமாக்கும் வேலை மறைந்துவிடவில்லை. ஓட்டுநர் கேட்பதற்கு முன்பே, விசை பாயாத தண்டில் ஓசையின்றி முடிக்கப்பட்டுவிடுகிறது.

கெக்ரெஸின் காலத்தில் இல்லாதது, இரு கிளட்சுகளையும் மில்லி நொடிக் கணக்கில் ஆளும் மின்னணுவியல். அது வாய்த்த பிறகு போர்ஷே 1980-களில் 956, 962 பந்தயக் கார்களில் பி.டி.கே. என்ற பெயரில் இம்முறையைச் சோதித்தது. 1986-இல் மொன்சா களத்தில் ஹான்ஸ் ஸ்டுக்கும் டெரெக் பெல்லும் அதைக் கொண்டு வென்றார்கள். ஆயினும் எடையும் பழுதும் தீராததால் அது சாலைக்கு வரவில்லை. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில்தான் இம்முறை தொடர் உற்பத்திக்கு வந்தது. 2005-இல் 1,250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட புகாட்டி வேரோன் அதையே நம்பியது. 2008-இல் 911 காரும் அதைப் பெற்றது. 2009-இன் ஃபெராரி 458, 2011-இன் மெக்லாரன் 12சி, 2020-இன் எட்டாம் தலைமுறைக் கார்வெட் ஆகியவற்றில் வேறு தெரிவே தரப்படவில்லை.

குறைகள் இல்லாமலும் இல்லை. அடுத்த கியர் எது என்பதைக் கணினி ஊகித்தாக வேண்டும். மூன்றில் முடுக்கிக்கொண்டே நான்கை எதிர்பார்த்திருக்கும் வேளையில் ஓட்டுநர் இரண்டைக் கேட்டால், கோத்ததைக் கழற்றி வேறொன்றைக் கோக்க நேரம் பிடிக்கும். நான்கிலிருந்து இரண்டுக்குத் தாவ வேண்டுமானால் இரண்டும் ஒரே தண்டில் இருப்பதால் தாமதம் கூடும். எண்ணெய்ப் பம்பும் இரண்டாவது கிளட்சும் எடையைக் கூட்டுகின்றன: 2021-இன் ஜிடி3 மேனுவலில் 1,418 கிலோ, பி.டி.கே.யில் 1,435 கிலோ.

பேடில் இருப்பதாலேயே ஒரு கார் இரட்டைக் கிளட்ச் கார் ஆகிவிடாது. எண்ணெய்ச் சுழற்சி வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட மரபான ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியும் இன்று பேடிலோடு வருகிறது. அதைப் பந்தயத்துக்கு ஒவ்வாதது என்று நெடுங்காலம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் 1960-களிலேயே டெக்சாஸின் ஜிம் ஹால் தன் சாப்பரால் கார்களில் டார்க் கன்வெர்ட்டரைப் பொருத்தி வென்றிருக்கிறார். கிளட்ச் பெடல் இல்லாததால் ஓய்ந்திருந்த இடது காலுக்கு, 1966-இன் சாப்பரால் 2இ காரில், காரின் மேலே உயர்ந்து நின்ற இறக்கையைச் சாய்க்கும் பெடலை அவர் கொடுத்தார். பந்தயப் பொறியியலின் மிக அழகிய சிந்தனைகளுள் அது ஒன்று. இன்றைய டார்க் கன்வெர்ட்டர்கள் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே உள்ளிருக்கும் ஒரு கிளட்சால் பூட்டிக்கொள்வதால் வழுக்கல் பெரிதும் குறைந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ. தன் இன்றைய எம்3 காரில் இரட்டைக் கிளட்சைக் கைவிட்டு எட்டுக் கியர் டார்க் கன்வெர்ட்டருக்குத் திரும்பியிருக்கிறது. அக்காரின் மேனுவல் வகைக்கு 550 நியூட்டன் மீட்டரும் ஆட்டோமேட்டிக் வகைக்கு 650-ம் தரப்பட்டன. அதிக முறுக்குவிசையும் மேனுவலும் சேர்ந்து கிடைக்கவில்லை.

வேகத்தைப் பற்றிய வழக்கு இங்கே தீர்ந்துவிடுகிறது. 2021-இன் ஜிடி3 நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, மேனுவலில் 3.9 நொடியும் பி.டி.கே.யில் 3.4 நொடியும் ஆகின்றன. கியர் மாற்ற நேரம் மட்டுமல்ல காரணம்: புறப்படும்போது டயரின் பிடிப்பு எவ்வளவு தாங்கும் என்பதை அளந்து கணினி கிளட்சை விடுகிறது, வளைவின் நடுவில் கியர் மாறினாலும் காரின் சமநிலை குலைவதில்லை, இரு கைகளும் ஸ்டீயரிங்கை விட்டு அகல்வதில்லை. நான்காம் கியருக்கு மாற நினைத்து இரண்டில் தள்ளி, சக்கரங்களே எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிச் சிதைக்கும் விபத்து மேனுவலுக்கே உரியது. எரிபொருளைத் துண்டிக்கும் பாதுகாப்புக்கூட அதைத் தடுக்க முடியாது. பேடிலில் அப்படிக் கேட்டால் கணினி மறுத்துவிடும். மேனுவலுக்கு எஞ்சுவது சிறு ஆறுதல்: அதன் உச்ச வேகம் 320 கிலோமீட்டர், பி.டி.கே.யினுடையது 318.

அப்படியிருந்தும் மேனுவலைக் கேட்பவர்கள் விரும்புவது பழமையை அல்ல என்றே சொல்ல வேண்டும். எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட வேலையில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கிறார்கள். கிளட்ச் பிடிக்கும் புள்ளி பாதத்துக்கும், கியர் கோத்துக்கொள்ளும் அதிர்வு உள்ளங்கைக்கும் தெரிகின்றன. எஞ்சின் வேகத்தைக் காதால் அளந்து காலால் திருத்த, அது பொருந்தியதா இல்லையா என்ற தீர்ப்பு உடனே உடலுக்கு வந்து சேர்கிறது. பேடிலை இழுப்பவருக்குத் தவறு செய்யும் வாய்ப்பு இல்லை, ஆகவே சரியாகச் செய்ததன் நிறைவும் இல்லை. போர்ஷே இதைக் கணக்கிட்டே நடக்கிறது: 525 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சினை, பந்தயக் களத்துக்கான ஜிடி3 ஆர்எஸ் காரில் பி.டி.கே.யோடு மட்டுமே தந்தது. 2023-இன் 911 எஸ்/டி காரில் மேனுவலோடு மட்டுமே தந்தது. எஸ்/டி-யில் கிளட்சும் எஞ்சினோடு சுழலும் கனச்சக்கரமும் சேர்ந்து 10.5 கிலோ குறைக்கப்பட்டன. சுழலும் பொருள் இலேசானால் எஞ்சின் வேகம் காலின் சிறு அசைவுக்கும் உடனே ஏறி இறங்கும் என்பதே காரணம்.

எல்லா மேனுவல் கார்களும் இந்த நியாயத்துக்குத் தகுதியானவை அல்ல. போர்ஷேயின் 718 கேமன் ஜிடி4 மேனுவலில் இரண்டாம் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம்; பொதுச் சாலையில் சட்டத்துக்குள் ஓட்டுபவருக்கு அந்த எஞ்சினை முழுதாகச் சுழற்றிக் கியர் மாற்றும் வாய்ப்பு ஒரு முறைதான் வரும், அதுவும் ஒன்றிலிருந்து இரண்டுக்கு. கியர் லீவரைக் கொடுத்துவிட்டு அதற்கு வேலை கொடுக்காமல் விடுவது பாதி நேர்மைதான். 2009-இல் நிசான் 370இசட் கொண்டுவந்த, கீழ்க் கியருக்கு இறங்கும்போது எஞ்சின் வேகத்தைக் கணினியே உயர்த்தித் தரும் வசதி இன்று பல மேனுவல் கார்களில் இருக்கிறது. வலது காலின் அந்த அரிய வித்தை அங்கே தேவையற்றுப்போகிறது. அணைத்து வைக்க முடிகிற வரையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கியர் மாற்றமே தேவையற்ற வழியும் ஒருமுறை பந்தயத்தில் எட்டிப் பார்த்தது. வில்லியம்ஸ் அணி 1993-இல், படிப்படியான கியர்களுக்குப் பதிலாகப் பட்டையின் மூலம் விகிதத்தை இடைவிடாமல் மாற்றி எஞ்சினை ஒரே சுழல்வேகத்தில் நிறுத்தும் ஃபார்முலா 1 காரைச் சோதித்தது. 1994-இன் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. மின்சாரக் காருக்கு அந்தப் பட்டையும் வேண்டாம். மின்மோட்டார் பூஜ்ஜியத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தந்து, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வரை சுழலக்கூடியதாகையால், போர்ஷே டைகான் போன்ற சில விலக்குகள் தவிர, பெரும்பாலான மின்சாரக் கார்கள் ஒரே விகிதத்தோடு ஓடுகின்றன.

ஆனால் ஹூண்டாய் 2023-இல் வெளியிட்ட அயோனிக் 5 என் என்னும் மின்சாரக் காரில், இல்லாத எட்டுக் கியர்களை மென்பொருள் பாவனை செய்கிறது. பேடிலை இழுத்தால் மோட்டார் ஒரு கணம் விசையைத் தளர்த்திக் காரைக் குலுக்குகிறது. ஒலிபெருக்கிகள் எஞ்சின் ஓசையை எழுப்புகின்றன. உரிய நேரத்தில் இழுக்காவிட்டால் கற்பனைச் சுழல்வேக எல்லையில் முட்டித் தடுமாறவும் செய்கிறது. எண்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட விசை அறுபடுதலை இங்கே நிரல் எழுதித் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். இதை ஓட்டியவர்களில் பலர் வேடிக்கையாக இருக்கிறது என்கிறார்கள், வளைவுக்குள் நுழையும் வேகத்தைக் காதால் கணிக்க உதவுகிறது என்றும் சொல்கிறார்கள், இரண்டையும் மறுப்பதற்கில்லை. சமமாக்க வேண்டிய இரு சுழல்வேகங்கள் அந்தக் காருக்குள் எங்கும் இல்லை; ஆகவே பேடிலை இழுப்பவர் செய்து முடிக்க வேண்டிய வேலை என்று ஒன்றும் அங்கே இல்லை. இந்தப் பாவனையை ஒரு பொத்தானால் நிறுத்திவிடலாம். நிறுத்திய பின் கார் குலுங்காமல் செல்கிறது.